கடைவாய்ப் பல்லின் மேல் ஒரு கூரை

என் கீழ்த்தாடையில், வலப்பக்கக் கடைவாய்ப் பல்லின் மேல் இருக்கும் மூடியைத் துளையிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அந்த மூடியைச் செய்தவள் என் மனைவி. அவள் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தன் வாழ்நாளில் அவள் செய்த பல்மூடிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவை முன்பின் அறியாதவர்களின் வாய்களுக்குள் இன்றும் மென்றுகொண்டிருக்கின்றன. எங்கே இருக்கிறது என்று நான் விரல் வைத்துக் காட்டக்கூடியது இது ஒன்றே.

மருத்துவர் இளம்பெண். திரையில் என் பல்லின் எக்ஸ்ரேயைப் பெரிதாக்கி, வேர் நுனியில் கருத்திருந்த இடத்தைப் பேனா முனையால் சுற்றிக் காட்டினார்.

“ரூட் கெனால் பண்ணி எத்தனை வருஷம் ஆச்சு சார்?”

“பதினாறு.”

“நல்லாவே உழைச்சிருக்கு. ஆனா வேர்ல மறுபடி கிருமி சேர்ந்துடுச்சு. எலும்பைத் தின்னுட்டு இருக்கு, பாருங்க.”

“எனக்கு வலியே இல்லையே, டாக்டர்.”

“ஈறுல சின்னதா ஒரு கொப்புளம் வந்து வந்து போகுதில்ல? சீழுக்கு வெளிய போக ஒரு வழி கிடைச்சிருக்கு. அதான் தெரியல. வலி இல்லைன்னா வியாதி இல்லைன்னு அர்த்தமில்ல சார்.”

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் முன்பே வேறொரு மருத்துவமனையில், வேறோர் உறுப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை. மூடியை உடைக்காமல் முழுதாகக் கழற்ற முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

“முடியாது. ரொம்ப நல்லா ஒட்டியிருக்கு. இழுத்தா பல்லும் சேர்ந்து உடையும். மேல ஓட்டை போட்டுத்தான் உள்ள போகணும். பீங்கான் தாங்குச்சுன்னா ஓட்டையை அடைச்சுடலாம். விரிசல் விட்டா வெட்டி எடுத்துட்டுப் புதுசு போடணும். வேண்டாம்னா பல்லையே எடுத்துடலாம். இப்படியே விட மட்டும் கூடாது.”

“மறுபடி செஞ்சா எத்தனை நாள் தாங்கும்?”

“பத்து வருஷம் வரலாம். ரெண்டு வருஷத்துலயும் போகலாம். சத்தியம் பண்ணித் தர முடியாது சார்.”

நேர்மையான பதில். பதினாறு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்கு எனக்குக் கிடைத்தது வேறு பதில். ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அந்த வாரத்தில் எழுதத் தொடங்கியதே இது. அவளைப் பற்றிச் சொல்லாமல் அந்த மூடியைப் பற்றிச் சொல்ல முடியாது.

அவள் ஒரு பேருந்து நடத்துநரின் இரண்டாவது மகள். கல்லூரியில் முதல் ஆண்டோடு படிப்பு நின்றுவிட்டது. சோப்புக்கட்டியில் ஊக்கால் பூ, முகம், யானை என்று செதுக்குகிற பழக்கம் இருந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், பல் செய்யும் லேப் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதற்கேற்ற மூடியை உலோகத்தில் வார்த்து, அதன் மேல் பீங்கான் தூளைக் குழைத்துத் தூரிகையால் தீற்றி, சூளையில் சுட்டு, அரத்தால் இராவித் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். சன்னல்களைத் திறக்கமாட்டார்கள். காற்று வந்தால் தூள் பறந்துவிடும்.

மாலையில் அவள் வெளியே வரும்போது புருவத்திலும் காது மடலிலும் வெண்மை படிந்திருக்கும். அங்கே அவளுக்கு ‘மாவு’ என்றே பெயர். புதிதாக வந்தவர்கள் ‘மாவு அக்கா’ என்றார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

பதிலுக்கு அவளும் ஊருக்கெல்லாம் பெயர் வைத்தாள். பற்களின் நிறத்துக்கு அந்தத் தொழிலில் எண்கள் உண்டு. எண் கூடக்கூட மஞ்சளும் பழுப்பும் கூடும். மனிதர்களை அவள் அந்த எண்களாலேயே அறிந்தாள். குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ‘நாலு’. அவள் தங்கை ‘ஒண்ணு’. பெண் பார்க்க நான் போயிருந்தபோது, ஏதோ கேட்கிறார்களே என்று நான் சிரித்துவைக்க, அவள் தங்கையின் காதில் எதையோ சொன்னாள். இருவரும் உள்ளே ஓடிவிட்டார்கள். என்ன சொன்னாள் என்பது திருமணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

“‘மூணரைடி’ன்னு சொன்னேன்.”

“அப்படின்னா?”

“டீயும் சிகரெட்டும்னு அர்த்தம். சிகரெட்டை விட்டா மூணு ஆகலாம்.”

விட்டேன். ஆனாலும் கடைசி வரை நான் மூன்றரைதான்.

அவளுடைய வேலையில் ஒரு வழக்கம் இருந்தது. அதை நான் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும். சுழலும் இராவியால் மூடியை ஒரு சுற்று தேய்ப்பாள். தேய்த்ததும் அதை முகத்தருகே கொண்டுவந்து ‘ஃபூ’ என்று ஊதுவாள். தூள் விலகும். விளிம்பு தெரியும். பார்ப்பாள். மீண்டும் தேய்ப்பாள், மீண்டும் ஊதுவாள். ஊதியவர் அடுத்து மூச்சை உள்ளே இழுத்தாக வேண்டும் அல்லவா? அந்த அறையிலிருந்த ஐவரும் நாள் முழுதும் இப்படியே ஊதினார்கள். வீட்டில் என் கண்ணாடியைத் துடைத்துத் தரும்போதுகூட அவள் ஊதிவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துத்தான் பார்ப்பாள்.

தூளை இழுக்கும் இயந்திரம் அங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு மேசையின் கீழும் புனல் போன்ற வாயுடன் ஒரு குழாய் இருந்தது. ஆனால் கை நழுவினால் அது மூடியையும் சேர்த்து விழுங்கிவிடும். பட்டாணி அளவுப் பொருள். போனால் போனதுதான். மறுநாள் காலை நோயாளி நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார். தொலைத்தவர் இருந்து புதிதாகச் செய்து கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது முதலாளி வைத்த விதி. ஒருமுறை இழந்தவர் மறுமுறை குழாயை அணைத்துவிட்டே இராவியை எடுப்பார். குழாயின் முடிவிலிருந்த பை தூளால் அடைத்துக்கொண்டு இயந்திரம் அலறும்போது, அந்தப் பையை மாற்றுவதற்கு என்று ஓர் ஆளும் இல்லை. ஐவரும் அணைத்தார்கள். முதலாளி தினமும் தொலைபேசியும் கையுமாக அந்த அறையைக் கடந்துதான் போனார். “அப்பாடா, இப்பத்தான் பேசறது காதுல விழுது” என்று ஒருநாள் சொன்னாராம். அவள் அதை ஒரு வேடிக்கையாகவே என்னிடம் சொன்னாள்.

எங்களுக்குத் திருமணமாகி எட்டாம் ஆண்டில் என் கடைவாய்ப் பல் சொத்தை விழுந்து நரம்பு வரை போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கலாம் என்றால், கடிப்பதற்கே வழியில்லை. அவள் லேபுக்கு வேலை அனுப்பும் ஒரு மூத்த மருத்துவரிடம் அழைத்துப்போனாள். அவர் பல்லைக் குடைந்து, உள்ளே செத்துக்கொண்டிருந்த நரம்பை எடுத்து, வேரின் குழாய்களைச் சுத்தம் செய்து அடைத்தார்.

“இனிமே இந்தப் பல்லு வலிக்காது. ஆனா காஞ்ச மரம் மாதிரி. மேல மூடி போடாம விட்டா ஒருநாள் பிளந்துடும்.”

“போட்டா எத்தனை நாள் வரும், டாக்டர்?”

“நல்லா வெச்சுக்கிட்டா உங்களுக்கு அப்புறமும் இருக்கும்” என்று சிரித்தார்.

படியிறங்கும்போது அவள் சொன்னாள்: “எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்றாரு. கேட்டவங்க திரும்ப வந்து சண்டை போட முடியாதில்ல.”

அந்த மூடியை அவள் தொடக்கம் முதல் இறுதி வரை தன் கையாலேயே செய்தாள். வார்ப்பதற்கு முன் மெழுகில் உருச்செய்யும் வேலையை வழக்கமாகச் செய்பவர் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரர். அவரைக்கூட விடவில்லை. என் மூன்றரை நிறத்தை, மேலிருக்கும் பள்ளத்தில் தேயிலைக் கறை உட்பட, அப்படியே கொண்டுவந்தாள். பொருத்தியதற்கு மறுநாள், நீலத் தாள் துண்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறை மேசையில் என்னை உட்காரவைத்து, பற்களுக்கிடையே செருகினாள்.

“கடி. இப்ப நறநறன்னு தேய். மேலதிகாரியை நினைச்சுக்கிட்டுத் தேய்.”

நீலம் எங்கே அழுத்தமாகப் பதிந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். ஓரிடத்தில் மூடி மயிரிழை உயரமாக இருந்தது. மறுநாள் மருத்துவரிடம் அழைத்துப்போய் அதைத் தேய்க்கச் சொன்னாள்.

“எவ்வளவு அழகா பளபளன்னு கொண்டாந்திருக்க, அதைப் போய் இராவச் சொல்றியே” என்றார் மருத்துவர்.

“கூரைக்காக யாராவது வீட்டை இடிப்பாங்களா டாக்டர்? பல்லு நிக்கணும், அவ்வளவுதான். தேய்ங்க.”

தேய்த்தார். அந்த இடம் நாக்குக்குச் சற்றுச் சொரசொரப்பாக இன்றும் தட்டுப்படும்.

அதன் பிறகு அந்தப் பல் என் வாயில் இருப்பதே மறந்துபோயிற்று. கேட்டுப் பெற்ற வரம் போல மென்றது. அதே ஆண்டுகளில்தான் அவளுக்கு இருமல் தொடங்கியது. வறட்டு இருமல். எங்கும் வலி இல்லை. முதல் மருத்துவர் ஒவ்வாமை என்றார். இரண்டாமவர் காசநோய் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார். என்ன வேலை என்று அவர் கேட்டபோது, “பல்லு செய்றேன்” என்றாள். அவர் சிரித்துவிட்டு மருந்துச்சீட்டை எழுதினார். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். மாடிப்படியில் பாதியில் நின்று, ஏதோ மறந்துவிட்டது போல நடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவாள். வெகுநாள் அதை நடிப்பு என்று நான் அறியவில்லை.

கடைசியில் பெரிய மருத்துவமனை ஒன்றில் நுரையீரலை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். “வலி இல்லைன்னா வியாதி இல்லைன்னு அர்த்தமில்லம்மா” என்று அங்கேதான் சொன்னார்கள். உலோகத் தூளும் பீங்கான் தூளும் படிந்து படிந்து, நுரையீரல் தழும்பேறி இறுகிவிட்டிருந்தது. இறுகியது இளகாது என்றார்கள். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். பள்ளி இறுதிக்கு மேல் படித்ததில்லை. பொது நூலகத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த நோயைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் வரிவரியாகப் படித்தேன். படித்தவை எல்லாம் ஒன்றையே சொல்லின.

வேலையை விட்டாள். வீட்டில் ஆக்சிஜன் உருளை வந்து நின்றது. அதற்கும் ஒரு பெயர் வைத்தாள்: மாப்பிள்ளை. “ராத்திரி பகல் பாக்காம கூடவே இருக்கான், நீங்க வேலைக்குப் போயிடறீங்க.” பேசுவதற்கு மூச்சு செலவாகும் என்பதால் சொற்களைப் பொறுக்கிப் பேசக் கற்றுக்கொண்டாள். கேலியை மட்டும் குறைக்கவில்லை.

பக்கத்து மேசை மெழுகுக்காரர் ஒருநாள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். உட்கார்ந்த சிறிது நேரத்தில் அவரும் இருமினார். அவள் அவரையே பார்த்தாள்.

“குழாயைப் போட்டுக்கடா.”

“மூடி போயிடும்க்கா.”

“போகட்டும். மூடிதானே.”

இறப்பதற்குச் சில நாள் முன்பு என்னைக் குனியச் சொல்லி, வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச்சை அடித்துப் பார்த்தாள். வெளிச்சம் மூக்கிலும் கண்ணிலும் பட்டுக் கடைசியில் பல்லுக்கு வந்தது.

“நல்லாத்தான் இருக்கு. ஈறு இறங்கிருக்கு பாரு. ஒழுங்கா தேய்க்கறதில்ல, மூணரை.”

அவளுக்கு வயது நாற்பத்தாறு.

பிறகு நான் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். வேலையிடத்துத் தூளால் அவள் இறந்தாள் என்று யாராவது ஒருவர் கையெழுத்திட்டு எழுதித் தர வேண்டும். முதல் விசாரணையில் முதலாளி, அவள் மெழுகு வேலை மட்டுமே பார்த்தாள், உலோகத்தையும் பீங்கானையும் தொட்டதே இல்லை என்றார். நான் எழுந்து, அவள் வார்த்துத் தீற்றி இராவிய மூடி என் வாயிலேயே இருக்கிறது என்றேன்.

“சாட்சியை வாயைத் திறக்கச் சொல்லுங்க சார்” என்றார் முதலாளியின் வழக்கறிஞர்.

அறை சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். நான் திறக்கத் தயாராகவே இருந்தேன்.

இரண்டாம் விசாரணையில் முதலாளியின் பதில் மாறியது. அவள் இராவினாள்தான், ஆனால் தூளிழுக்கும் குழாய் ஒவ்வொரு மேசைக்கும் இருந்தது, அவளே அதை அணைத்து வைத்தாள் என்றார். முதல் பதிலும் இரண்டாம் பதிலும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன என்று நான் சுட்டிக்காட்டினேன். குறித்துக்கொள்வதாக அதிகாரி சொன்னார். மெழுகுக்காரரை அழைத்தார்கள்.

“அந்தம்மா குழாயை அணைச்சு வெச்சிருந்தாங்களா?”

“ஆமாங்க. அணைச்சுடுவாங்க.”

“போகலாம்.”

ஏன் அணைத்தார்கள் என்று அதிகாரி கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கான பதிலை மெழுகுக்காரர் மென்று முழுங்கிவிட்டு இறங்கினார். படிக்கட்டில் நான் அவரை நிறுத்தினேன்.

“நீயும் அணைச்சியா இல்லையா?”

“எல்லாரும்தான்ணே அணைச்சோம்.”

“அதை உள்ள சொல்ல வேண்டியதுதானே?”

“கேக்கலையேண்ணே.” ஒரு படி இறங்கினார். “நாளைக்கும் நான் அந்த மேசையிலதான் உக்காரணும். எனக்கும் வீடு இருக்கு. அக்காவே இருந்திருந்தா என்னைத் திட்டியிருக்க மாட்டாங்க.”

அது உண்மை. திட்டியிருக்கமாட்டாள். அதனால்தான் என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு இருமல் வந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அது ஓயும் வரை நின்றார்.

தீர்ப்பு வந்தது. ‘பாதுகாப்புச் சாதனம் வழங்கப்பட்டிருந்தது, தொழிலாளி அதைத் தாமே பயன்படுத்தாது விட்டார்.’ பிழை திருத்துவது என் தொழில். பலமுறை படித்துப் பார்த்துவிட்டேன். அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்துக்கூடப் பிழை இல்லை. மேல்முறையீடும் அதே வாக்கியத்தோடு திரும்பி வந்தது. எல்லாத் தாள்களும் அவளுடைய ஸ்கேன் படங்களோடு அலமாரியில் இருக்கின்றன. யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டுவேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

ஆகவே அந்த மூடி எனக்கு வெறும் மூடி அன்று. அவள் இராவினாள் என்பதற்கு என்னிடம் மிஞ்சியிருக்கும் சாட்சி அது. அதைத் துளைக்கவேண்டுமாம். பல்லைப் பிடுங்கிவிட்டால் மூடி முழுதாகக் கைக்கு வரும், டப்பாவில் வைத்துக்கொள்ளலாம் என்றும் எண்ணிப் பார்த்தேன். மூன்று நாள் அந்த எண்ணத்திலேயே இருந்தேன். செத்த பல், போனால் என்ன?

அவள் தங்கையிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன்.

“மூடியை டப்பாவில வெச்சு என்ன செய்வீங்க மாமா?”

“பாப்பேன்.”

“அக்கா அதைப் பாக்கறதுக்கா செஞ்சா? மெல்றதுக்குச் செஞ்சா.”

எனக்குக் கோபம் வந்தது. வைத்துவிட்டேன். அன்று சாப்பிடும்போது வலப்பக்கமாகவே மென்றேன். நாக்கு, தேய்த்துத் தாழ்த்திய அந்தச் சொரசொரப்பைத் தேடிப் போய்த் தொட்டது. பளபளப்பு போனாலும் பரவாயில்லை, தேய்ங்க என்று நின்றவள் அவள். அவளிடம் கேட்டிருந்தால், கேட்டு முடிக்கும் முன்பே இராவியை எடுத்துக் கையில் கொடுத்திருப்பாள்.

வாரம் முடிந்ததும் போய் நாற்காலியில் சாய்ந்தேன். துளையிடுங்கள் என்றேன். மருத்துவர் ஊசி போட்டு மரக்கவைத்து, அந்தப் பல் மட்டும் வெளியே தெரியும்படி வாயின் மேல் ஒரு ரப்பர்த் தாளை இழுத்துக் கட்டினார். இனி என்னால் பேச முடியாது. உதவிக்கு நின்ற பெண் விளக்கைத் திருப்பிவைத்தாள். துளைப்பான் கூவிக்கொண்டு இறங்கியது. பீங்கானைத் தொட்டதும் அதன் சுருதி மாறியது. அந்த ஓசையை நான் அறிவேன். அவளை அழைத்துவரப் போய் லேபின் வாசலில் நின்ற மாலைகளில் எல்லாம் அதைத்தான் கேட்டிருக்கிறேன். தண்ணீர்த் தூவலோடு கலந்து வெண்மையாக ஏதோ எழும்பி, விளக்கு வெளிச்சத்தில் மிதந்தது.

நான் கையை உயர்த்தினேன்.

துளைப்பான் நின்றது. “வலிக்குதா சார்?”

இல்லை என்று தலையசைத்தேன். அந்தப் பெண்ணைச் சுட்டிக்காட்டினேன். அவளுடைய முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. உறிஞ்சுகுழாய் கொக்கியிலேயே கிடந்தது.

“அய்யோ, எனக்கு ஒண்ணுமில்லீங்கய்யா. கொஞ்சம் தூள்தானே, பழகிடுச்சு” என்று அவள் சிரித்தாள். நிறம் ஒன்று.

நான் கையை இறக்கவில்லை. மருத்துவர் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“மாஸ்க்கை ஏத்துங்க. சக்‌ஷனைக் கிட்ட கொண்டாங்க.”

அவள் கவசத்தை மூக்கு வரை ஏற்றி, மேல் விளிம்பை அழுத்திவிட்டாள். குழாயை எடுத்து என் வாயருகே பிடித்தாள். அது இரைச்சலோடு இழுக்கத் தொடங்கியது. வெளிச்சத்தில் மிதந்த வெண்மை ஒருபுறமாகச் சாய்ந்து அதற்குள் போவதைப் பார்த்த பிறகே கையை இறக்கினேன்.